பெரிய ஓர்டரை வாரக் கூறுகளாக உடையுங்கள்

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்த உணவகத்துக்கோ கடைக்கோ பொருள் வாங்குபவரா? மாதத்துக்கு ஒரே பெரிய ஓர்டர் கொடுக்காமல், வாரக் கூறுகளாகப் பிரித்து, பொருள் வந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தைப் பாருங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் எருமைத் தயிர் விற்பவர்கள், கந்தளாய் நெல் விவசாயிகள், திருகோணமலை நகரில் வீட்டிலேயே மிளகாய்த்தூள் இடித்து விற்கும் பெண்கள் ஆகியோர் உங்களுக்கு விற்க முடியாமல் தடுப்பது தரம் அன்று. நூறு கிலோவை ஒரே நாளில் தரவும் இரண்டு மாதக் கடனைத் தாங்கவும் அவர்களிடம் முதல் இல்லை. அளவு சிறிதானால் அவர்களும் விலை கூறுவார்கள். இடைத்தரகருக்குப் போகும் பங்கு உங்களுக்கு மிஞ்சும், ஒருவர் தவறினாலும் அடுப்பு அணையாது. விலை கேட்கும் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். சைவம், ஹலால் போன்ற நிபந்தனைகள் பொருளுக்குத்தான். விற்பவரின் மதத்தை அதில் கலக்கவே வேண்டாம். இதில் மட்டும் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்.

எரிவாயு, குளிர்சாதனப் பெட்டி போன்று உத்தரவாதம் வேண்டியவற்றுக்கு இது பொருந்தாது. ஒரே நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் திருவிழா அன்னதானத்துக்கும் ஒரே வழங்குநர்தான் வசதி.