அம்பு வாங்கும் முன் பிள்ளையின் கையை அளந்துவிடுங்கள்

என் மகள் விட்ட அம்பெல்லாம் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதம். கோச் தோளைத் திருத்தினார், விரலைத் திருத்தினார், நிற்கிற காலைக்கூடத் திருத்திப் பார்த்தார். நானும் என் பங்குக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் "நீ கவனமே வைக்கிறதில்ல" என்று திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு அவள் மேல் இல்லை. "சார், இது கார்பன், பெரிய போட்டிக்குப் போனாலும் இதையே வச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டி நான் வாங்கி வந்த அம்புதான் கோளாறு. மதுரையில் இப்போது நிறைய பேர் பிள்ளைகளை வில்வித்தை வகுப்பில் சேர்க்கிறார்கள், அதே தலையாட்டலை நீங்களும் செய்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. பிள்ளையைச் சுவரில் முதுகு சாய்த்து நிற்கவைத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லுங்கள். நடுவிரல் முனை படும் இடத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டு, டேப் பிடித்து அளந்து, அங்குலத்தில் வரும் எண்ணை இரண்டரையால் வகுத்துவிடுங்கள். என் மகளுக்கு 59 அங்குலம் வந்தது, வகுத்தால் 23.6. அவள் நாணை இழுக்கும் நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அம்பு இதைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும், வளர்கிற பிள்ளை என்றால் மூன்று அங்குலம் விட்டாலும் தப்பில்லை. நீளம் கூடினால் கொஞ்சம் கனம் கூடும், கொஞ்சம் கூடுதலாக வளையும், ஆபத்து இல்லை. குறைந்தால் கதை வேறு: முழுதாக இழுக்கும்போது அம்பின் முனை வில்லில் இருக்கும் தாங்கியை விட்டு உள்ளே நழுவி, விட்டவுடன் வில்லைப் பிடித்திருக்கும் கையிலேயே குத்திவிடும். நீளத்தை மட்டும் பார்த்தால், அண்ணன் வைத்திருந்த அம்பைத் தம்பிக்குக் கொடுக்கலாம், தம்பியுடையதை அண்ணனுக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்பைன், நான் ஏமாந்தது இதில்தான். அம்பு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதன் பெயர் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டு வைத்து, அதன் மேல் அம்பைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன், ஒரு அங்குலம் தொய்ந்தால் 1000. ஆக எண் ஏற ஏற அம்பு அதிகம் வளையும், எண் குறையக் குறைய விறைப்பானது. நாண் தள்ளும்போது அம்பு நேராகப் பாயாது, வில்லின் நடுக்கட்டையைச் சுற்றி மீன் மாதிரி நெளிந்துதான் வெளியே வரும்; வில்லின் இழுவிசைக்கு அம்பு விறைப்பாகிப் போனால் நெளியாமல் கட்டையில் இடித்து, வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கம் ஓடும், ரொம்ப வளைவதாக இருந்தால் வலப்பக்கம் ஓடும். வில்லில் 18 பவுண்டு என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு, 23.6 அங்குலம் இழுக்கிற பிள்ளை அவ்வளவு பவுண்டை எட்டவே எட்டாது. அந்த வில்லுக்கு நான் வாங்கிக் கொடுத்தது 500. இடப்பக்கம் போகாமல் வேறெங்கே போகும்? சின்னப் பிள்ளைகளுக்கு ஆயிரத்துக்கு மேல்தான் பார்க்க வேண்டும். அம்புக் கம்பெனிகள் பெரும்பாலும் பவுண்டையும் நீளத்தையும் வைத்து ஒரு அட்டவணை போடுகிறார்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

எதில் செய்தது வாங்கலாம்? இந்தியன் ரவுண்ட் என்கிற நம் நாட்டுப் போட்டிப் பிரிவில் மூங்கில் வில்லோடு மர அம்பு விடுகிறவர்கள் கோச் கைகாட்டும் அம்பையே வாங்கிவிடுவது நல்லது, ஒவ்வொரு குச்சியும் ஒரு மாதிரி இருக்கும், கை பழகியவருக்குத்தான் பொறுக்கத் தெரியும். ரிகர்வ் வில் (இரண்டு முனையும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும் வில்) என்றால் முதல் செட்டுக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கு. அதில் 1616 மாதிரி நான்கு இலக்கம் போட்டிருப்பார்கள். முன் இரண்டு குறுக்களவு, அங்குலத்தில் 64-ல் 16 பங்கு, அதாவது கால் அங்குலம். பின் இரண்டு குழாய்ச் சுவரின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. அலுமினியம் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், மேசையில் உருட்டினாலே சொல்லிவிடும். கார்பன் அப்படியில்லை, உள்ளுக்குள் விரிசல் விட்டு வெளியே நல்ல பிள்ளையாக இருக்கும், விடும்போது சிம்பு சிம்பாக உடைந்து கையில் ஏறும். கார்பன் வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் பிடித்து, முகத்தை விட்டு விலக்கிப் பைய வளைத்து, காது கொடுத்துக் கேளுங்கள். 'நறுக்' என்று ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் அன்றோடு அதற்கு விடை கொடுத்துவிடுங்கள்.

நாண் மாட்டும் பிளாஸ்டிக் துண்டுக்கு நாக் என்று பெயர். மாட்டினால் 'டிக்' என்று உட்கார வேண்டும், நாணில் அம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் விழக் கூடாது, நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும். இறகு மூன்றில் ஒன்று வேறு நிறத்தில் இருப்பது அழகுக்கு இல்லை, ரிகர்வில் அது வில்லை விட்டு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சித்திரை வெயிலில் அம்புப் பெட்டியைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல அம்புகளில் இரும்பு முனையை சூடாக்கி உருக்கும் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள். நத்தம் ரோட்டில் ஒரு மதியம் காரை வெயிலில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்குப் போனால் டார்கெட்டிலிருந்து பிடுங்கும்போது குச்சி மட்டும் கையில் வருகிறது, முனை ஃபோமுக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் கத்தியை வைத்து ஃபோமைத் தோண்டி எடுத்தோம். திரும்ப ஒட்டும்போது முனையைத்தான் சூடாக்க வேண்டும், கார்பன் குச்சியை நெருப்பில் காட்டினால் அதன் பலம் போய்விடும்.

வேட்டைக்கு என்ன அம்பு என்று கேட்கிறவர்களும் உண்டு. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, காட்டுப்பன்றி கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போனாலும் போக வேண்டிய இடம் வனத்துறை ஆபீஸ்தான். (அதே 1972-ல்தான் 52 வருஷம் கழித்து ஒலிம்பிக்கில் வில்வித்தை திரும்ப வந்தது, தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.) ஆகவே பிளேடு வைத்த அகல முனையைக் கூடையில் போடாதீர்கள், அது டார்கெட்டைக் கிழிப்பதைத் தவிர வேறு வேலைக்கு ஆகாது. பிளேடு இல்லாத சாதாரண முனை போதும். வெளிநாட்டு வீடியோவில் பார்க்கிற குறுக்குவில் கணையையும் இதோடு சேர்க்காதீர்கள். அது பெரும்பாலும் 20 அங்குலம் சுற்றித்தான் இருக்கும், தடியாக இருக்கும், அதன் நாக் துண்டே வேறு வடிவம். அந்தந்தக் குறுக்குவில்லுக்குச் சொன்ன நாக் துண்டையும் எடையையும் மாற்றினால் நாண் கணைக்கு மேலே தாவி வில்லே உடையலாம்.

எத்தனை வாங்குவது? ஆறு போதும், ஆறும் ஒரே நீளம், ஒரே ஸ்பைன், ஒரே முனை எடை. வாங்கி வந்த அன்றே பெர்மனென்ட் மார்க்கரால் ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் எது எங்கே குத்தியது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஐந்து ஒரே இடத்தில் குத்தி ஒன்று மட்டும் தினமும் தனியாகப் போனால் பிள்ளையைத் திட்டாதீர்கள், அந்த நம்பரை எடுத்து மேசையில் உருட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டு 4-ம் நம்பர் இப்போது மொட்டைமாடியில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.