ஷாக்வேவ் சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன்

அந்தியூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல், துண்டுக்குள் கைவிட்டு விலை பேசமாட்டார். அதே மனிதர், விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு ஷாக்வேவ் எனும் அதிர்வலைச் சிகிச்சை, ‘பன்னிரண்டு அமர்வுகள், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்று சொல்லப்பட்டால், கூச்சத்தின் காரணமாக ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும், கேட்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய பரிசோதனைகளையும் இங்கே சொல்கிறேன்.

இயந்திரத்தைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். தூங்கி எழும்போது இயல்பான விறைப்பு இருந்து, மனைவியுடன் இருக்கையில் மட்டும் தளர்ந்துபோகிறது என்றால், இரத்தக்குழாயைவிட மனக்கவலையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அதிர்வலை பயன்படாது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறவர்கள், எந்நேரம் தூங்கி எழுந்தாலும் அந்த விழிப்பையே கணக்கில் கொள்ளலாம். விழிக்கும்போதும் விறைப்பு இல்லையென்றால், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும், காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே உடையவை; இதயத் தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். கொழுப்புப் படிவதால் முதலில் அடைபடுவது சிறிய குழாய் என்பதால், விறைப்புக் குறைவு தோன்றிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு மாரடைப்பு வருவதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வயதில் இந்தக் குறையோடு வருகிறவருக்கு இதயத்தைப் பரிசோதிக்காமல் அதிர்வலை மட்டும் கொடுத்து அனுப்பும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

இவற்றைப் பார்க்க வேண்டியவர் யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு நோய்கள்) மருத்துவர். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களில் ‘மாதந்தோறும் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில்’ என்று ஒட்டப்படும் ஆண்மைக் குறைவு விளம்பரங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம்: பாலியல் ஆற்றலைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இனி சிகிச்சைக்கு வருவோம். சிறுநீரகக் கல்லை உடைக்க 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்தப்பட்ட அதிர்வலையின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். ஆனால் இதன் வலிமை அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். திசுவில் மெல்லிய தட்டலை ஏற்படுத்தினால் புதிய நுண்குழாய்கள் வளரத் தூண்டும் பொருள்கள் சுரக்கின்றன என்று விலங்குச் சோதனைகள் காட்டின. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் யோராம் வார்டி குழுவினர் 2010இல் இதனை விறைப்புக் குறைபாட்டுக்குப் பயன்படுத்தி வெளியிட்ட முறையில், ஓர் அமர்வுக்கு 1500 அதிர்வுகள், வாரத்துக்கு இரண்டு அமர்வுகளாக மூன்று வாரம், பிறகு மூன்று வார இடைவெளி, மீண்டும் மூன்று வாரம் எனப் பன்னிரண்டு அமர்வுகள் வரும். மயக்க மருந்து தேவையில்லை; வலியும் பெரிதாக இராது.

பலன் எப்படி என்றால், சில ஆய்வுகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதிர்வலை இல்லாமல் கொடுக்கும் போலிச் சிகிச்சையைவிட ஓரளவு நல்ல முன்னேற்றமும், வேறு சிலவற்றில் வேறுபாடே இல்லாத நிலையும் தென்பட்டன. அமெரிக்க யூராலஜி சங்கம் 2018இல் இதனை ஆராய்ச்சி நிலையிலுள்ளது என்றே வகைப்படுத்தியது. ஐரோப்பியச் சங்கம், இரத்த ஓட்டக் குறைவால் வரும் லேசான பாதிப்புக்கு, நிலையை விளக்கிச் சொல்லிய பிறகு கொடுக்கலாம் என்கிறது. ஆகவே, லேசான பாதிப்பு உள்ளவர் முயன்று பார்க்கலாம். கடுமையான நீரிழிவில் நரம்பு கெட்டவரும், புராஸ்டேட் அறுவையில் நரம்பு அறுபட்டவரும் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, இயந்திரம் குவிந்த அலை தருவதா, பரவும் அலை தருவதா என்பது. ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வகையைக் கொண்டு நடந்தவை. குதிகால் வலிக்குப் பிசியோதெரபி நிலையங்களில் பரவலாக வைத்திருக்கும் இரண்டாம் வகையின் விசை மேல்தோலோடு பெரும்பாலும் கரைந்துவிடும். விலை மலிவான இயந்திரம் என்பதால் அதற்கும் இதே பெயர் சூட்டி விற்கிறார்கள்.

தொடங்கும் நாளில், விறைப்புத்தன்மையை அளக்கும், ஐந்து கேள்விகள் கொண்ட சர்வதேச வினாத்தாளை (IIEF-5) நிரப்பி, மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். மொத்தம் 25, 22க்குக் கீழே இருந்தால் குறைபாடு, 17 முதல் 21 வரை லேசானது, 7க்கு மேற்போகாவிட்டால் கடுமையானது. சிகிச்சை முடிந்து ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் அதே தாளை நிரப்புங்கள். எண் நகரவில்லையென்றால் இன்னொரு சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏறிய எண்ணும் ஓரிரு ஆண்டுகளில் இறங்கக்கூடும்.

சில்டெனாபில், டடாலபில் மாத்திரைகளே இன்றும் முதல் மருந்து. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பவர் இவற்றைத் தொடக்கூடாது, இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். மாத்திரையும் பலிக்காதவருக்கு வெற்றிடக் கருவி, ஆணுறுப்பில் போடும் ஊசி, உட்பொருத்தும் சாதனம் என வழிகள் உள்ளன. ஊசி போட்டபின் விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.