குட்டி யானையில் பேட்டரி லோடு: டெர்மினல் மூடியிலிருந்து எச்சரிக்கைப் பலகை வரை

கோவை குடோனிலிருந்து மதுரைக் கடைக்கு 12 இன்வெர்ட்டர் பேட்டரி, 4 மின் ஸ்கூட்டர் லித்தியம் பேட்டரி போக வேண்டும். வண்டி, குட்டி யானை. வழி, பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல். இந்த ஒரு லோடை வைத்துக்கொண்டு முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். டி.வி.யோ மிக்ஸியோ வண்டியில் ஏறும்போது அதில் கரண்ட் இல்லை. பேட்டரியை அப்படி அணைத்து வைக்க வழியே கிடையாது. குடோனில் ஏறும்போதும், பள்ளத்தில் குதிக்கும்போதும், டோல்கேட்டில் வெயிலில் நிற்கும்போதும் அதன் இரண்டு டெர்மினலிலும் கரண்ட் இருக்கிறது. கீழே சொல்லும் வேலை பெரும்பாலும் அதற்காகத்தான்.

1. சரக்கு எந்த வகுப்பு என்று பாருங்கள்

பில்லில் வெறுமனே ‘பேட்டரி’ என்று எழுதினால் போதாது. ஆபத்தான சரக்கு வகைப்பாட்டில் ஆசிட் ஊற்றிய பேட்டரி 8ஆம் வகுப்பு, அதாவது அரிக்கும் பொருள். அதன் எண் யு.என். (ஐக்கிய நாடுகள் பட்டியல்) 2794. ஆசிட் சிந்தாத சீல்டு வகையும் 8ஆம் வகுப்புதான், எண் 2800. லித்தியம் அயான் 9ஆம் வகுப்பு. தனியாகப் போனால் 3480, கருவியோடு சேர்த்துப் பேக் செய்திருந்தால் 3481. டெலிவரி சலானில் பொருளின் சரியான பெயரையும் இந்த எண்ணையும் எழுதுங்கள்.

லித்தியம் என்றால் தயாரிப்பாளரிடம் யு.என். 38.3 சோதனைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிர்வு, மோதல், வெப்பம், ஷார்ட் எல்லாவற்றையும் அந்தப் பேட்டரி தாங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. உள்ளூரில் செல் (ஒற்றைச் சிறு பேட்டரி) வாங்கிச் சேர்த்துக் கட்டிய பேக்கில் அடிக்கடி ஒரு குழப்பம் வரும்: செல்லுக்குச் சோதனைத் தாள் இருக்கும், பேக்கிற்கு இருக்காது. செல் நல்லதாக இருந்தாலும் உள்ளே வெல்டிங்கும் வயரும் மோசமென்றால் தீ அங்கேதான் பிடிக்கும். பேக்கின் பெயரில் தாள் இல்லாவிட்டால் ஏற்ற வேண்டாம்.

2. எடைக் கணக்கு

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழியுங்கள். 750 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிட் நிரம்பிய 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் வகை இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று சுமார் 55 கிலோ. பன்னிரண்டுக்கு 660 கிலோ. லித்தியம் நான்கும் ஏறக்குறைய 50 கிலோ. மீதி 40 கிலோவில் மரப்பலகையும் பெல்ட்டும் அடங்க வேண்டும். பின்பக்கம் இடம் காலியாகத் தெரியும், ‘இன்னும் இரண்டு போடலாம்’ என்பார்கள். போடக் கூடாது. கனமான லோடில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயரும் சூடாகும்.

3. டெர்மினலும் மூடியும்

இந்த வேலையை அவசரப்படுத்தாதீர்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி போடுங்கள். தொப்பி இல்லையென்றால் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றி, மேலே தடித்த அட்டை வைத்துக் கட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், ஆசிட் ஈரம் பட்டதும் கரண்ட் அதன் வழியே கசியும். இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். ஸ்பேனர் பழுக்கும், பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவந்துகொண்டே இருக்கும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அதனால் டூல்ஸ் பெட்டி, ஜாக்கி, இரும்புச் சங்கிலி எதுவும் பேட்டரி இருக்கும் இடத்தில் கிடக்கக் கூடாது.

அடுத்தது வென்ட் மூடி, அதாவது வாயு வெளியேறும் மூடி. டியூபுலர் பேட்டரியில் நீர்மட்டம் காட்டும் ஃப்ளோட் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பெல்ட் பட்டு ஒடியும். ஒடிந்த ஓட்டை வழியாகத்தான் ஆசிட் சிந்தும். பயணத்துக்கு அதைக் கழற்றிவிட்டு, கம்பெனி தரும் தட்டை மூடியைப் போடுங்கள். போய்ச் சேர்ந்து சார்ஜ் போடும் முன் ஃப்ளோட்டை மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள். வாயு வெளியேற வழி வேண்டும்.

4. லித்தியம் தனியே

ஒவ்வொன்றையும் அதன் சொந்த அட்டைப் பெட்டியில், ஆடாமல், கனெக்டரை மூடி வையுங்கள். பெட்டியின் மேல் 9ஏ லேபிள் ஒட்டுங்கள்: மேல் பாதியில் ஏழு கறுப்புக் கோடுகள், கீழ்ப் பாதியில் பேட்டரிக் கூட்டம், அதில் ஒன்று உடைந்து தீ எழும் படம், அடிக்கோடிட்ட 9. ஆசிட் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேபினை ஒட்டிய மூலையில் பலகைத் தடுப்பு வைத்து, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

உப்பியது, கீழே விழுந்தது, வெள்ளத்தில் நனைந்தது, விபத்து வண்டியிலிருந்து கழற்றியது: இவை இந்த லோடில் ஏறக் கூடாது. அடிபட்ட செல் உடனே எரிய வேண்டும் என்பதில்லை. சில மணி நேரமோ சில நாளோ கழித்தும் தீப்பிடிக்கும். கட்டடத்திலிருந்தும் வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் வைத்து, தயாரிப்பாளரிடம் கேட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

5. ஏற்றிக் கட்டுதல்

தளத்தில் ஆசிட் தாங்கும் பிளாஸ்டிக் ட்ரே அல்லது தடித்த ரப்பர் பாய் விரியுங்கள். பேட்டரியை நிமிர்த்தியே வையுங்கள், ஒரே அடுக்கு. டியூபுலர் உயரமானது, மேலே இன்னொன்று வைத்தால் திருப்பத்தில் சாயும். இடைவெளியில் மரக்கட்டை செருகி இறுக்குங்கள். தெர்மோகோல் பள்ளத்தில் நொறுங்கிவிடும்.

கட்டுவதற்கு பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் வாங்குங்கள். நைலான் கயிற்றை ஆசிட் அரித்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், இழுவையில் அறுந்துவிடும். பெல்ட் டெர்மினலின் மேல் போகாமல் ஓரமாகப் போகட்டும். தார்ப்பாயை மூச்சடைக்கக் கட்டாமல் இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி விடுங்கள்.

6. பலகை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை ஆபத்தான சரக்கைப் பற்றியவை. வண்டியின் இரு பக்கமும் பின்புறமும், மூன்று இடத்தில் அவசரத் தகவல் பலகை வேண்டும் என்கிறது 134ஆம் விதி. பொருளின் பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், யு.என். எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில், வகுப்புச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்தில், அவசர உதவி எண்ணும் அனுப்புபவர் பெயரும் எண்ணும் 50 மில்லிமீட்டரில். 8ஆம் வகுப்புச் சின்னத்தில் மேலே இரண்டு குழாயிலிருந்து திரவம் சொட்டி ஒரு கையையும் உலோகத்தையும் அரிக்கும் படம் இருக்கும், கீழ்ப் பாதி கறுப்பு. நம் லோடில் இரண்டு வகுப்பு இருப்பதால் 9ஆம் வகுப்புச் சின்னமும் வேண்டும்.

அளவைச் சுருக்காதீர்கள். வண்டி கவிழ்ந்து ஓட்டுநர் பேச முடியாமல் கிடந்தால், தூரத்தில் நிற்கும் தீயணைப்பு வீரர் அந்த எண்ணைப் படித்துத்தான் எதை வைத்து அணைப்பது என்று முடிவெடுப்பார்.

7. ஓட்டுநரும் தாள்களும்

லைசென்ஸில் ஆபத்தான சரக்குக்கான அனுமதி வேண்டும். அதற்கு மூன்று நாள் பயிற்சி உண்டு. கேபினில் டிரெம் கார்டு இருக்க வேண்டும்: சரக்கு என்ன, கசிந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன, முதலுதவி என்ன என்பது அதில் இருக்கும். அதைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள், ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் தேவை.

8. வண்டியில் இருக்க வேண்டியவை, கசிந்தால் செய்ய வேண்டியவை

ரப்பர் கையுறை, கண்ணாடி, 20 லிட்டர் தண்ணீர், பவுடர் தீயணைப்பான், 5 கிலோ சமையல் சோடா. இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆசிட் ஒரு லிட்டரை முறிக்க ஏறக்குறைய 700 கிராம் சோடா வேண்டும். ஒரு பாக்கெட் தூவினால் மேலே நுரை வரும், அடியில் ஆசிட் அப்படியே இருக்கும். நுரைப்பது நிற்கும்வரை போடுங்கள். கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், குறைந்தது 15 நிமிடம் விடாமல். பிறகுதான் ஆஸ்பத்திரி.

லித்தியத்தில் புகை வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கும். வண்டியை ஊருக்கு வெளியே ஓரம் கட்டி, காற்று வரும் திசைப் பக்கம் தள்ளி நின்று 112-ஐக் கூப்பிடுங்கள். பவுடர் சுவாலையை அடக்கும், செல்லின் சூட்டைத் தணிக்காது, மறுபடி பிடிக்கும். நிறைய தண்ணீர்தான் வேண்டும், அது தீயணைப்பு வண்டியில்தான் இருக்கிறது. விபத்து நடந்தால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு உடனே தெரிவிப்பது ஓட்டுநரின் சட்டப்படியான கடமை.

முதல் நிறுத்தம் கிளம்பிய அரை மணியில். பெல்ட் தளர்ந்திருக்கும், அப்போது ஒரு தடவை இறுக்குங்கள். அதன்பின் தாராபுரத்தில் டீ குடிக்க நிற்கும்போது தளத்தில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். புளித்த, மூக்கை அரிக்கும் வாடையும் ஒரு அடையாளம்.

9. திரும்பும்போது பழைய பேட்டரி

மதுரையில் இறக்கியதும் கடைக்காரர் பழையவற்றை ஏற்றிவிடுவார். அவையும் அதே 8ஆம் வகுப்பு, அதே பலகை, அதே தொப்பி. உடலில் விரிசல் இருந்தால் தனி பிளாஸ்டிக் டப்பில் வையுங்கள். எடை குறையட்டும் என்று ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அதில் ஈயம் கரைந்திருக்கிறது, மண்ணிலிருந்து போகாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. பழையது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும்.

கோவையில் இறக்கி முடித்ததும் தளத்தைச் சோடாத் தண்ணீரால் கழுவி, லிட்மஸ் தாள் வைத்துப் பாருங்கள். நீலத் தாள் சிவந்தால் இன்னொரு தடவை கழுவ வேண்டும். மூன்று பலகையையும் கழற்றி உள்ளே வையுங்கள். நாளைக்கு இதே வண்டி ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றி வரும்.