தஞ்சாவூரா, கும்பகோணமா: காவிரிப் படுகையில் இரண்டு நாள் தங்க ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். பாபநாசம் வழியாகப் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன; இரண்டு ஊர்களும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன; காரில் சென்றால் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகும். எந்த ஊரில் அறை எடுத்தாலும் மற்ற ஊரைப் பார்க்காமல் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரவு எந்த ஊரில் படுப்பது? கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், இரண்டு நாள் பயணம் நிறைவாக அமைவதும் சாலையிலேயே கழிவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கின்றன.

இதற்குக் காரணம் இப்பகுதியின் கோயில் நேரம். பெரும்பாலான கோயில்கள் காலை ஆறு மணி வாக்கில் திறந்து, பகல் பன்னிரண்டு அல்லது பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மீண்டும் நான்கு மணி அளவில்தான் திறக்கின்றன; இரவு எட்டரை, ஒன்பதுக்குள் அர்த்தசாம பூஜை முடிந்துவிடும். நாள் இவ்வாறு இரண்டு துண்டுகளாகப் பிரிந்துவிடுவதால், காலையில் முதல் இரண்டு மணி நேரத்தையும் மாலையில் கடைசி இரண்டு மணி நேரத்தையும் எந்த இடத்தில் செலவிட விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கு அருகில் உள்ள ஊரே உங்களுக்கு உரிய ஊர். நடுப்பகலில் செல்லக்கூடிய இடங்களுக்குத் தொலைவு ஒரு பொருட்டில்லை. வெயில் நேரத்தில் வண்டியில் அமர்ந்திருப்பதில் இழப்பும் இல்லை.

தஞ்சாவூரில் தங்குவதற்கு முதன்மையான, ஏறக்குறையப் போதுமான காரணம் பெரிய கோயில். முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்த இந்தக் கற்றளியின் விமானம் 216 அடி உயரம் கொண்டது. பகல் பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கிப் பார்ப்பவருக்கு அந்த உயரம் மட்டும்தான் கண்ணில் படும். காலை ஏழு மணிக்கு முன் வந்தவருக்கோ, சாய்ந்த ஒளி விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தின் மேல் விழுவதால் கல்வெட்டு எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்பது தெரியும். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நடந்தபடி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க முயன்றால் பழந்தமிழ் எழுத்தில் பயிற்சி இல்லாதவருக்கும் சில சொற்கள் பிடிபடும். கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட நகைகளின் எடையும், கோயிலை ஒட்டிய குடியிருப்பான தளிச்சேரியில் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் இந்தக் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. மாலையில் நிலைமை வேறு. உள்ளூர்க் குடும்பங்கள் புல்தரையில் வந்து அமர்கின்றன, குழந்தைகள் ஓடுகின்றன, விளக்கொளி ஏறஏற விமானத்தின் நிறம் மாறிக்கொண்டே வருகிறது. இந்த இரண்டு நேரங்களும் வேண்டுமென்றால் தஞ்சாவூரில் ஓர் இரவாவது தங்கித்தான் ஆக வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்து போகிறவருக்கு இவற்றில் ஒன்று கிடைத்தாலே பெரிது.

பிரதோஷ நாள்களில் மாலையில் நந்திக்கு அபிஷேகம் நடைபெறும்போது திருச்சுற்று நிரம்பி வழியும். அதைக் காண விரும்புவோர் அந்நாளையே தேர்ந்தெடுக்கலாம். அமைதியாகச் சிற்பம் பார்க்க வருவோர் நாட்காட்டியைப் பார்த்து அந்நாளைத் தவிர்ப்பது நல்லது. காலணிகளை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பதால், சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் கல்தரையில் கால் வைக்க இயலாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நடுப்பகலுக்கும் தஞ்சாவூரில் நிழலான இடம் உண்டு. நாயக்கர் காலத்தில் தொடங்கி மராட்டியர் காலத்தில் விரிந்த அரண்மனை வளாகத்துக்குள் கலைக்கூடமும் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகமும் இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளை மட்டும் பார்த்தாலும் போதும். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். தலைமுடியைப் பாம்புகளால் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மடித்துக் குறுக்கே வைத்து, வலக்கையை இல்லாத காளையின் மீது சாய்த்தபடி நிற்கிறார். காளை எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கை தாங்கி நிற்கும் எடையைப் பார்ப்பவர் உணராமல் இருக்க முடியாது. இதன் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டு மறுநாள் சுவாமிமலைக்குச் சென்றால், அங்குள்ள சிலை வார்ப்புப் பட்டறைகளில் நடக்கும் வேலை எளிதாக விளங்கும்.

கும்பகோணத்தின் கணக்கு முற்றிலும் வேறு. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் நெருக்கமாக அமைந்த இந்த ஊரில், வானளாவிய ஒற்றைக் கோயிலுக்குப் பதிலாக, ஒரு கோயிலிலிருந்து வெளியே வந்தால் அடுத்த கோயிலின் கோபுரம் தெருக்கோடியில் தெரியும். கும்பேசுவரர், சார்ங்கபாணி, சக்கரபாணி, நாகேசுவரர், இராமசுவாமி ஆகிய ஐந்தையும் இரண்டு காலைகளில் நடந்தே பார்க்கலாம். சிற்பத்தில் ஆர்வம் உள்ளவர்கள் நாகேசுவரர் கோயிலின் கருவறைப் புறச்சுவர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். முற்காலச் சோழர் கைவண்ணத்தில் ஏறக்குறைய ஆளுயரத்தில் நிற்கும் அந்த உருவங்களைப் பெரிய கோயிலின் பிரம்மாண்டத்தைவிட நான் ஒரு படி மேலாகவே மதிக்கிறேன். குழந்தைகளோடு வருவோர் இராமசுவாமி கோயிலின் திருச்சுற்றுக்குச் செல்லலாம். இராமாயணம் சுவரில் வரிசை வரிசையாக ஓவியமாக ஓடுவதால், கதையை முழுமையாகப் பார்க்கப் பலமுறை வலம் வர வேண்டியிருக்கும். கருவறையில் அனுமன் கையில் வீணை இருப்பதை எந்தக் குழந்தை முதலில் கண்டுபிடிக்கிறது என்று போட்டியும் வைக்கலாம்.

உணவில் கும்பகோணத்துக்குத்தான் என் வாக்கு. காலையில் பித்தளை டவரா தம்ளரில் வரும் டிகிரி காப்பியும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்த கடப்பாவோடு இட்லியும் இங்கே தங்கியவருக்கு இயல்பாக அமைந்துவிடும். நெடுஞ்சாலையோரம் கும்பகோணம் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் கடைகளை வைத்து இந்தக் காப்பியை எடை போட வேண்டாம்.

ஆனால் கும்பகோணத்தில் தங்குவதன் உண்மையான வலிமை ஊருக்கு வெளியே இருக்கிறது. நான்கு கிலோமீட்டரில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயில், பெரிய கோயிலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது; ஆனால் உள்ளங்கை அகலத்துக்குள்கூட ஒரு கதை செதுக்கப்பட்டிருக்கும். ஒரே தலை, ஒரு பக்கத்து உடலை மறைத்துப் பார்த்தால் யானையாகவும் மறுபக்கத்து உடலை மறைத்துப் பார்த்தால் காளையாகவும் தெரியும் ரிஷபகுஞ்சரச் சிற்பத்தை உள்ளூர்க்காரர் எவரைக் கேட்டாலும் காட்டிவிடுவார். இந்தக் கோயிலுக்கு மாலை நான்கரைக்குப் பிறகு செல்வதே சரி. கூட்டம் குறைவு, ஒளியும் இதமானது.

சுவாமிமலை முருகன் கோயிலில் தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகள் உண்டு. அதே ஊரில் ஸ்தபதிகளின் பட்டறைகளைப் பகலில் பார்க்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவைச் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலைக் கீற்றை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். வார்த்தபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று அமைவதில்லை. திருபுவனத்தில் பட்டு நெசவும், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்ப்பும் நடைபெறுகின்றன. கோயில் மூடியிருக்கும் பகல் பொழுதுக்கு இவ்வளவு பொருத்தமான இடங்கள் தஞ்சாவூரைச் சுற்றிக் குறைவு. கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் சார்ங்கபாணி சன்னிதித் தெருவில் நினைவகமாகப் பராமரிக்கப்படும் இராமானுஜன் வாழ்ந்த வீட்டையும் இந்தப் பொழுதிலேயே பார்த்துவிடலாம்.

கங்கைகொண்ட சோழபுரம் உங்கள் பட்டியலில் இருந்தால் தராசு கும்பகோணத்தின் பக்கம் சாய்கிறது. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து அதைப் போல் இரு மடங்கு. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று சோழர் கோயில்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். இம்மூன்றையும் இரண்டு நாளில் பார்க்க விரும்புவோருக்குக் கும்பகோணம் நடுவில் அமைந்த ஊர்.

நவக்கிரகத் தலங்களுக்காக வருவோர் அதிகம் யோசிக்கத் தேவையில்லை, கும்பகோணத்திலேயே தங்குங்கள். சூரியனார் கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேசுவரம் ஆகியவை அருகிலேயே உள்ளன. வைத்தீசுவரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகியவை கிழக்கே கடற்கரைப் பக்கம் இருக்கின்றன. திங்களூர் மட்டும் திருவையாற்றை ஒட்டி இருப்பதால் தஞ்சாவூருக்கே நெருக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நவக்கிரகச் சிறப்புப் பேருந்தும் கும்பகோணத்திலிருந்துதான் புறப்படுகிறது. ஆனால் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கும் பயணத்தில் ஒவ்வொரு கோயிலிலும் வரிசையில் நிற்கும் நேரம் தவிர வேறு எதுவும் மிஞ்சாது என்பதை அறிந்து செல்லுங்கள். கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை முதல் ஆறு வரை இராகுகாலம் என்பதால் திருநாகேசுவரத்திலும், வியாழக்கிழமையில் ஆலங்குடியிலும், சனிக்கிழமையில் திருநள்ளாற்றிலும், திருநாகேசுவரத்தை அடுத்த பெருமாள் தலமான ஒப்பிலியப்பன் கோயிலிலும் கூட்டம் மிகுந்திருக்கும்.

உடன் வருபவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குக் கும்பகோணம் எளிது. ஆட்டோவில் கோயில் வாசலிலேயே இறங்கி, தரிசனம் முடித்து, அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்து எழுந்து மாலையில் மீண்டும் புறப்படலாம். ஓடியாட இடம் வேண்டிய சிறு குழந்தைகளுக்குத் தஞ்சாவூரின் விரிந்த வெளி ஏற்றது. கும்பகோணத்தின் குறுகிய கடைத்தெருக்களில் மாலை நேர நெரிசலில் காரை ஓட்டி நிறுத்துவது பொறுமையைச் சோதிக்கும்; சொந்தக் காரில் வருவோர் ஊருக்கு வெளியே, சுவாமிமலை அல்லது தாராசுரம் பக்கம் தங்குவது மேல்.

பொதுவாக, இரண்டு இரவுகளுக்காக ஊர் மாற வேண்டாம் என்பதே என் கருத்து. அறையைக் காலி செய்து, பையைக் கட்டி, அடுத்த ஊரில் அறை கிடைக்கும் நேரம் வரை காத்திருப்பதில் ஒரு காலைப்பொழுது போய்விடும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருவோருக்குக் கும்பகோணம்தான் முதலில் வரும். உழவன் விரைவு ரயிலில் வந்தால் விடியுமுன் அங்கே இறங்கிவிடலாம். திரும்பும்போது திருச்சியில் விமானமோ வேறு ரயிலோ பிடிப்பதாக இருந்தால், முதல் இரவு கும்பகோணம், அடுத்த இரவு தஞ்சாவூர் என்று வைத்துக்கொள்ளலாம். பயணம் ஒரே திசையில் செல்வதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கோயம்புத்தூர், மதுரைப் பக்கமிருந்து வந்து அதே வழியில் திரும்புவோருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. நோக்கம் பெரிய கோயிலாக இருந்தால் அவர்கள் தஞ்சாவூரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே தங்கினாலும், இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒருமுறையாவது நெடுஞ்சாலையை விட்டுவிட்டுத் திருவையாறு, திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகச் செல்லும் காவிரிக்கரைச் சாலையில் பயணம் செய்யுங்கள். நேரம் கூடுதலாகும், வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் படித்துறைகளும் அதற்கு ஈடு செய்யும். திருவையாற்றில் அசோகா அல்வாவைச் சூடாகச் சாப்பிட்ட பிறகே புறப்படுங்கள். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்தச் சுவை பாதிதான்.

பருவத்தைப் பொறுத்தவரை தை, மாசியே சிறந்தவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுவதால், ஏப்ரல், மே மாதங்களில் வருவோர் ஆற்றில் மணலையே பார்க்க நேரும். ஐப்பசி, கார்த்திகையில் வயல் பச்சை கண்ணைக் குளிர்விக்கும். ஆனால் மழை இரண்டு நாள் திட்டத்தை எளிதில் கலைத்துவிடும்.

அறையைப் பதிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசிச் சதயத்தில் இராசராசன் சதய விழாவுக்காகத் தஞ்சாவூரும், தியாகராஜர் ஆராதனை நாள்களில் திருவையாறும் அதையொட்டித் தஞ்சாவூரும் நிரம்பிவிடும். கும்பகோணத்தில் மாசி மகம், குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி ஆகியவற்றோடு முகூர்த்த நாள்களிலும் அறை கிடைப்பது கடினம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீராட்டு விழாவான மகாமகம் அடுத்து 2028இல் வருகிறது. நீராடும் எண்ணம் இல்லாதவர்கள் அந்த மாசி மாதத்தில் தஞ்சாவூரில் அறை எடுத்து, கும்பகோணத்தை வேறொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.