வீடில்லாமல் இருக்கும் முன்னாள் ராணுவ வீரருக்கு உதவ: எதை முதலில் செய்வது, எதை விடுவது

அமெரிக்காவில் கார் ஓட்டும் எல்லோருக்கும் பழகிய காட்சிதான். சிக்னலில் ஒருவர் 'வெட்டரன்' என்று எழுதிய அட்டையோடு நிற்பார், ஐந்து டாலர் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அவர் உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவர் என்றால், வீடில்லாத மற்றவர்களுக்குக் கிடைக்காத சில உதவிகள் அவருக்கு உண்டு, அதற்கென்று அரசு ஒதுக்கிய பணமும் அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும் நாடு முழுக்க இருக்கின்றன. 2010 கணக்கெடுப்பில் வீடில்லாத முன்னாள் வீரர்கள் சுமார் 74,000 பேர், 2024 ஜனவரியில் 32,882 பேர். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்றால் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம். மிச்சமிருப்பவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது, எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாததும், ஏற்கெனவே இரண்டு வாசலில் நின்று அலுத்துப்போனதும்தான். அந்த இடத்தில் நீங்கள் உதவலாம்.

முதலில் ஒரு எண்ணை உங்கள் போனில் சேமித்து வையுங்கள்: 877-424-3838. வீடில்லாத முன்னாள் வீரர்களுக்காக வி.ஏ. என்கிற முன்னாள் படைவீரர் நலத்துறை 24 மணி நேரமும் நடத்தும் இலவச அழைப்பு மையம் இது. வீரர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, குடும்பத்தாரோ நண்பரோ வழிப்போக்கரோ கூப்பிடலாம். பேசிவிட்டுப் பக்கத்து வி.ஏ. மருத்துவமனையில் இதற்கென்று இருக்கும் ஊழியரிடம் கேஸை ஒப்படைப்பார்கள். இங்கேதான் பல கேஸ்கள் நழுவுகின்றன: அந்த ஊழியர் திரும்ப அழைப்பார், ஆனால் இவருடைய போனில் சார்ஜ் இருக்காது, அல்லது போனே இருக்காது. அதனால் உங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரையே பேசவிடுங்கள், திரும்ப அழைக்க ஷெல்ட்டரின் எண்ணையோ அவர் தினமும் சாப்பிடப் போகும் சர்ச்சின் எண்ணையோ கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், நேரில் போகலாமா, எந்தக் கட்டடம், யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அந்தத் தாள் பத்து நோட்டீஸுக்குச் சமம்.

பேச்சில் வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி தெரிந்தால் வேறு எண்: 988 அழுத்தி, பிறகு 1. பேச விருப்பமில்லாதவர் 838255-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் முன்னாள் வீரருக்கு வி.ஏ. மருத்துவமனையிலும் வெளி மருத்துவமனையிலும் அவசர சிகிச்சை இலவசம், உள்நோயாளியாக 30 நாள் வரை, அதற்குப் பிறகு வெளிநோயாளியாக 90 நாள் வரை. 2023 ஜனவரியிலிருந்து இருக்கும் விதி இது. வி.ஏ.வில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உயிர் போகும் அவசரம் என்றால் 911, அதில் யோசனையே வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "நீங்கள் வெட்டரனா?" என்று கேட்டால் இல்லை என்பவர்கள் நிறைய. போருக்குப் போகாதவர், மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் இருந்தவர், பெண்கள், கெட்ட பெயரோடு வெளியே அனுப்பப்பட்டவர் எல்லாம் தங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "எப்போதாவது ராணுவத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா, எந்தப் பிரிவு?" என்று கேளுங்கள், பதில் மாறும். அங்கே என்ன பார்த்தீர்கள், யாரைச் சுட்டீர்கள் என்றெல்லாம் நோண்ட வேண்டாம். அது உங்கள் ஆர்வத்துக்குத் தீனி, அவருக்கு ஒரு பயனும் இல்லை.

சரி, காகிதத்துக்கு வருவோம். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, டிடி-214 என்ற விடுவிப்புச் சான்று. எத்தனை நாள் பணியில் இருந்தார், எந்த அடிப்படையில் விடுவிக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தெருவில் இருப்பவரிடம் அது இருக்காது. பை திருடு போயிருக்கும், அல்லது நகராட்சி கூடாரங்களை அள்ளியபோது சேர்ந்து போயிருக்கும். செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்திலோ தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலோ விண்ணப்பித்தால் நகல் இலவசமாகக் கிடைக்கும். வீடில்லாதவர், ஷெல்ட்டரில் சேரக் காத்திருக்கிறார் என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள், அவசர வரிசையில் எடுத்துக்கொள்வார்கள். நிறையப் பிரதிகளில் ஒன்றான 'மெம்பர் 4' பிரதியைக் கேளுங்கள், விடுவிப்பின் தன்மை அதில் இருக்கும். மிகவும் வயதானவர் என்றால் இன்னொரு சிக்கல்: 1973-ல் அந்த மையத்தில் பிடித்த தீயில் 1960-க்கு முன் வெளியேறிய தரைப்படையினரில் பெரும்பாலானோரின் கோப்புகளும், விமானப்படையினரில் ஒரு பகுதியினரின் கோப்புகளும் எரிந்துபோயின. அதற்காக மனம் தளர வேண்டாம், வேறு ஆவணங்களை வைத்து மறுபடி உருவாக்கித் தருவார்கள்.

ஆனால் காகிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் ஸ்குவேர்ஸ் என்ற வி.ஏ. கருவியில் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் போட்டு, எந்தத் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிட முடியும். "எனக்கு நல்ல டிஸ்சார்ஜ் இல்லை, ஒன்றும் கிடைக்காது" என்று வீரரே சொல்லி முடித்துவிடுவார், நம்பிவிடாதீர்கள். மருத்துவ வசதிக்கு ஒரு விதி, வீட்டு உதவிக்கு வேறு விதி. 'அதர் தேன் ஹானரபிள்' (கௌரவக் குறைவான விடுவிப்பு) என்ற வகையில் வெளியே வந்தவர்களுக்கும் வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. 'டிஸ்ஹானரபிள்' (அவமதிப்பு விடுவிப்பு) என்றால் கதவு அடைபடும், அது ராணுவ நீதிமன்றத் தண்டனையோடு வருவது.

எந்தத் திட்டம் யாருக்கு என்று கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தால் அலைச்சல் குறையும். எஸ்எஸ்விஎஃப் (முன்னாள் வீரர் குடும்பங்களுக்கான ஆதரவுச் சேவை) என்பதில் பணம் வி.ஏ.வுடையது, வேலை தொண்டு நிறுவனத்துடையது. வாடகை பாக்கி, அட்வான்ஸ், கரண்ட் பில், சாமான் ஏற்றிப்போகும் செலவு இவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பார்கள், கூடவே ஒரு கேஸ் மேனேஜர் இருப்பார். இதில் பலர் கவனிக்காத விஷயம், இன்னும் வீட்டை விட்டு வெளியேறாதவருக்கும் இது உண்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த மறுநாளே போவதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் தெருவுக்கு வந்த பிறகு வீடு தேடுவதைவிட இருக்கிற வீட்டைக் காப்பாற்றுவது எவ்வளவோ எளிது. எந்தக் கவுண்டியில் எந்த நிறுவனம் நடத்துகிறது என்ற பட்டியல் வி.ஏ. தளத்தில் இருக்கிறது. பல காலமாகத் தெருவில் இருப்பவருக்கும் உடல்நலமோ மனநலமோ கெட்டவருக்கும் ஹட்-வாஷ் பொருத்தம்: வீட்டுவசதித் துறையின் வாடகை வவுச்சரும் வி.ஏ.வின் கேஸ் மேனேஜரும் சேர்ந்து வருவது. வீரர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கொடுக்க, மீதியை அரசு கட்டும். உடனே படுக்க இடம் வேண்டும் என்றால் ஜிபிடி விடுதிகள், தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை, அதிகபட்சம் 24 மாதம்.

இதில் எல்லாம் கிடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வவுச்சர் கையில் இருக்கும், வீடு தர ஆள் இருக்காது. கிரெடிட் ஸ்கோர் மோசம், பழைய எவிக்‌ஷன் பதிவு, ஒரு சின்னப் போலீஸ் கேஸ் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கையை விரிப்பார், வவுச்சருக்கு கெடு தேதியும் ஓடிக்கொண்டிருக்கும். நம்மவர்களில் வாடகைக்கு விட ஒரு டவுன்ஹவுஸோ காண்டோவோ வாங்கிப் போட்டிருப்பவர்கள் ஏராளம். நூறு சட்டை தானம் செய்வதைவிட அந்த ஒரு வீட்டை ஒரு வீரருக்குக் கொடுப்பது பெரிய உதவி, வாடகையும் சும்மா இல்லை. அரசின் பங்கை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் நேரடியாக உங்களுக்கே அனுப்பும். வீட்டை ஆய்வு செய்வார்கள், புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, ஜன்னல் பூட்டுகிறதா என்று பார்ப்பார்கள், அது முடிய கொஞ்ச நாள் ஆகும், அந்தக் காத்திருப்புக்குத் தயாராக இருங்கள். ஏதாவது தகராறு என்றால் கூப்பிட ஒரு கேஸ் மேனேஜர் இருக்கிறார், சாதாரண வாடகைதாரரிடம் அந்த வசதி கிடையாது. கலிபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் வவுச்சர் என்பதற்காக மட்டும் மறுப்பது சட்டப்படியே தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொருள் கொடுக்க ஆசைப்படுபவர்களுக்கு: கராஜில் கிடக்கும் பழைய துணியை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். முதலில் நிறுவனத்தைக் கூப்பிட்டு என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் புது சாக்ஸ், புது உள்ளாடை, பஸ் பாஸ் என்பார்கள், இவை சுலபத்தில் நன்கொடையாக வராதவை. இன்னொன்று, புது வீட்டுக்குச் சாவி வாங்கும் நாள். அட்வான்ஸுக்குத் திட்டத்தில் பணம் உண்டு, ஆனால் உள்ளே போனால் வெறும் தரை. மெத்தை இல்லை, குளியலறைத் திரை இல்லை, ஒரு வாணலி இல்லை, உணவு வங்கி கொடுத்த டப்பாவைத் திறக்க ஓப்பனர்கூட இல்லை. நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கான இந்தச் சாமானை ஒரு வாரக் கடைசியில் திரட்டிவிடலாம். உங்கள் ஊரில் 'ஸ்டாண்ட் டவுன்' என்ற உதவி முகாம் நடக்கிறதா என்றும் பாருங்கள். 1988-ல் சான் டியேகோவில் வியட்நாம் போர் வீரர்கள் தொடங்கி வைத்தது, இன்று பல நகரங்களில் நடக்கிறது: முடிவெட்டு, பல் பரிசோதனை, அடையாள அட்டை, கோர்ட் அபராதம் வரை எல்லாம் ஒரே இடத்தில் முடியும்.

பணம் கொடுப்பதாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப் புத்தி தேவை. வீரர்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது, 2018-ல் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் மாநிலங்களும் சேர்ந்து இப்படிப்பட்ட போலிகள் மேல் நாடு தழுவிய நடவடிக்கை எடுத்தன. பிரபலமான அமைப்பின் பெயரைப் போலவே ஒரு பெயர் வைத்துக்கொண்டு போன் செய்வார்கள். போனில் கார்டு எண் கொடுக்காதீர்கள். அமைப்பின் வரி அடையாள எண்ணான ஈஐஎன்னைக் கேளுங்கள், வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் தேடுங்கள், ஆண்டுக் கணக்கு இருக்கும் படிவம் 990-ஐத் திறந்து நன்கொடை திரட்டவே எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய பெயரைவிட உங்கள் ஊரில் எஸ்எஸ்விஎஃப் நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுப்பதையே நான் விரும்புவேன், ஏனென்றால் அரசுப் பணத்தில் செய்ய முடியாத சில்லறைச் செலவுகள், லைசென்ஸ் கட்டணம், கார் டயர் மாதிரியானவை, அவர்களிடம் எப்போதும் நிலுவையில் நிற்கும். "எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் கம்பெனியில் நன்கொடைக்கு ஈடாகப் பணம் சேர்க்கும் திட்டம் இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்க மறக்காதீர்கள். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் வரிவிலக்குக்கு எழுத்துப்பூர்வ ரசீது வேண்டும்.

ஊனமுற்ற வீரர்களுக்கு வி.ஏ. தரும் மாதத் தொகை கேட்டு விண்ணப்பிக்கிறாரா? தனியாக விடாதீர்கள், கமிஷன் கேட்கும் ஏஜெண்டிடமும் விடாதீர்கள். டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற அலுவலர்கள் இதை இலவசமாகச் செய்வார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுக்கக் கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதி இல்லை. அன்றே செய்ய வேண்டியது 'இன்டென்ட் டு ஃபைல்', அதாவது விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற முன்னறிவிப்பைப் பதிவது. அதற்குப் பிறகு ஆவணம் திரட்ட ஒரு வருடம் கிடைக்கும், தொகை அனுமதியானால் பொதுவாக அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடுவார்கள்.

கையில் பணமும் இல்லை, வாடகை வீடும் இல்லை, நேரம் மட்டும் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: டிஏவி அமைப்பின் வாகனத்தை ஓட்டுவது. வி.ஏ. மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிடுபவர்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை. வண்டியை அங்கேயே தருவார்கள். உங்களிடம் லைசென்ஸும் இன்சூரன்ஸும் இருக்க வேண்டும், வி.ஏ.வில் ஒரு உடல் பரிசோதனை செய்வார்கள். பக்கத்து வி.ஏ. மருத்துவமனையைக் கூப்பிட்டு டிஏவி போக்குவரத்து ஒருங்கிணைப்பாளரைக் கேட்டால் விண்ணப்பம் தருவார்கள்.