பேச்சுப் பயிற்சிக்குப் பொம்மை: எதை எடுப்பது, எப்படி விளையாடுவது

பொத்தானை அமுக்கினால் பாடுகிற, எண் சொல்கிற பொம்மைகள் பேச்சுப் பயிற்சிக்கு உதவாது. பொம்மையே பேசிக்கொண்டிருந்தால் பெரியவர் வாய் மூடிவிடும். குழந்தைக்கும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிராது. சோப்புக்குமிழி, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை, இறுக மூடிய டப்பாவுக்குள் கட்டைகள், ஒரு கார், அது இறங்கி ஓடச் சாய்த்துவைத்த அட்டை, இவை போதும். உங்கள் கை இல்லாமல் ஆட்டம் நகரக்கூடாது என்பதே கணக்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு துண்டுகள் வேண்டாம்.

ஒரு வேளைக்கு 10 முதல் 15 நிமிடம். டிவியை அணைத்துவிட்டு, தரையில் குழந்தைக்கு நேர் எதிரே உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் உதடு அதன் கண்ணில் படாது. ஒரே நேரத்தில் இரண்டு பொம்மைக்கு மேல் வெளியே எடுக்க வேண்டாம்.

குமிழியில் தொடங்கலாம். "ஊது" என்று சொல்லி ஊதுங்கள். மூன்று நான்கு முறை இப்படியே. அடுத்த முறை வளையத்தை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தி, குழந்தையைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் "என்ன வேணும்? சொல்லு, சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவோம். சொல்லைத் தேடி எடுத்து வாயை அசைக்கக் குழந்தைக்கு நேரம் பிடிக்கும். ஒரு பார்வை, நீட்டிய கை, வெறும் "ஊ", எது வந்தாலும் பதிலாக ஏற்று, "ஊது!" என்று சொல்லி உடனே ஊதுங்கள். சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைத்தால் அழும், இல்லையென்றால் எழுந்து போய்விடும். ஒன்றும் வராவிட்டாலும் நீங்களே சொல்லி ஊதித் தொடருங்கள்.

ஊதினால் வாய்த்தசை பலப்பட்டுப் பேச்சு வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஊதுவது வேறு, பேசுவது வேறு. விசில் ஊதி உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. குழந்தை உங்களிடம் கேட்பதற்கு ஒரு சாக்குதான் இந்தக் குமிழி.

கார், பந்து என்று பெயர்களையே அடுக்காமல் தா, வா, போ, திற, ஏறு போன்ற சொற்களையும் விளையாட்டில் நிறையப் புழங்குங்கள். குழந்தை "கார்" என்றால் "கார் போகுது" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். அதற்கு மேல் கூட்டினால் காதில் நிற்காது. "இது என்ன? என்ன கலர்?" என்று அடுக்கினால் விளையாட்டு பரீட்சையாகிவிடும், நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், நடப்பதை நான்கு முறை சும்மா சொல்லுங்கள்.

காரைக் கவிழ்த்துச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் பிடுங்கித் திருத்தாதீர்கள். இன்னொரு காரைக் கவிழ்த்து, "சுத்து, சுத்து... நில்!" என்று நீங்களும் சுற்றுங்கள். உங்கள் கையைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு காரை நிமிர்த்தி ஓட்டிக் காட்டலாம்.

இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், அல்லது எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைந்துபோனால், வீட்டு விளையாட்டோடு நிறுத்தாமல் செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீடும் செய்துகொள்ளுங்கள்.

நான்கு வயதிலும் 'க' வர வேண்டிய இடத்தில் 'த' வருகிறதென்றால் வேறு ஆட்டம். காக்கா, தாத்தா; கட்டு, தட்டு என இணை இணையாகப் படங்களைப் பரப்புங்கள். குழந்தை கேட்கட்டும், நீங்கள் எடுத்துக் கொடுங்கள். காக்காவை நினைத்து "தாத்தா" என்றால் தாத்தா படத்தையே நீட்டுங்கள். தான் சொன்னது வேறாகக் கேட்டது என்று அதற்கே புரியும். உடனே வாயைத் திறந்து, நுனிநாக்கு கீழே கிடக்க, பின்நாக்கு மேலே எழுவதைக் காட்டுங்கள். குழந்தை ஒரு முறை சொன்னதும் ஒரு கட்டை அடுக்கினால் போதும். இடையில் ஆட்டம் நீண்டால் சொல்லும் தடவைகள் குறையும். ஒரு பயிற்சியில் 50 முறையாவது சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பத் 'த'வே வந்தால், சொல்ல வைப்பதை நிறுத்திவிட்டு நீங்கள் சொல்லுங்கள், குழந்தை படத்தை எடுக்கட்டும். அதிலும் தடுமாறினால் சில நாள் கேட்டுப் பிரிக்கும் பயிற்சி மட்டும்.