டிரைவ் ஷாஃப்ட்டை வீட்டிலேயே மாற்றினேன்

காரின் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் சக்கரத்தில் 'டக் டக்' சத்தம். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். அதன் சக்கரப் பக்க முனையில், வளைந்தபடியே சுழலும் இணைப்பான வெளிப்பக்க சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் ரிம்மின் உட்புறமெல்லாம் தெறித்திருந்தது. மணல் புகுந்த ஜாயின்ட்டுக்குப் புது பூட் மட்டும் போட்டுப் பயனில்லை. சரி, ஷாஃப்ட்டையே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

ஷாஃப்ட்டைச் சக்கரத்தின் நடுவே பிடித்திருக்கும் ஹப் நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டித் தளர்த்த வேண்டும். நட்டின் மடித்த விளிம்பை முதலில் உளியால் நிமிர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம் ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரம், கியர் ஆயிலை வடிப்பது, லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைக் கழற்றுவது எல்லாம் சுலபம்.

கஷ்டம் கியர்பாக்ஸுக்குள் செருகியிருக்கும் உள்பக்க முனையில்தான். இன்ஜினுக்குக் கீழுள்ள சட்டமான சப்ஃபிரேமுக்கு மேலே கை மட்டும் நுழையும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட்தான் பிரிந்துகொள்ளும், கியர்பாக்ஸிலிருந்து வராது. ஜாயின்ட் உறைக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு நெம்புகோல் கொடுத்து ஒரே நேரத்தில் நெம்பினேன். முனையைப் பிடித்திருந்த சர்கிளிப் வளையம் 'டப்' என்று விட்டது. அங்கே ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் கையோடு மாற்றினேன். அதற்காக இன்னொரு முறை யார் அங்கே கைவிடுவது?

புது ஷாஃப்ட் உட்கார்ந்ததும் உள் ஜாயின்ட்டை லேசாக இழுத்துப் பாருங்கள், வெளியே வரக்கூடாது. ஹப் நட்டும் புதியதே போட்டு, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பழைய நட்டையே திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம். கடைசியில் கியர் ஆயிலை ஊற்றி, சக்கரத்தை இருபக்கமும் முழுதாக ஒடித்து ஓட்டினேன். சத்தம் இல்லை.